"நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா!"

பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களில் மிகக் கொடுமையானது இது. குழந்தை பிறந்து அழுதுவிட்டது. எடை பார்த்தாயிற்று. அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தாள், பிள்ளை யார் சாயல் என்றும் கேட்டாள். சுகப்பிரசவம் என்று ஊருக்கெல்லாம் போன் போட்டாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து உள்ளே ஓட்டமும் நடையுமாக இருக்கிறது. நாடி கிடைக்கவில்லை என்கிறார்கள். பேசிக்கொண்டிருந்தவள் எப்படிச் செத்துப்போக முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பங்கள் உலகெங்கும் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் மட்டும் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் இறந்திருப்பார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. அதாவது நாளொன்றுக்கு 700க்கு மேல். பத்தில் ஒன்பதுக்கும் அதிகமான இறப்புகள் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடப்பவை. காரணங்களில் முன்னால் நிற்பது, பிள்ளை பிறந்தபின் நிற்காமல் போகும் ரத்தம்.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நீளும் தொழிற்பட்டையில் வீட்டுப் பிரசவம் பழங்கதை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும்தான் நடக்கின்றன. 'ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்ற அறிவுரை அதன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. இனி மிச்சமிருப்பது, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது.

நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை ரத்தக்குழாய்களின் வாய்களும் திறந்து கிடக்கின்றன. விரலில் கத்தி பட்டால் ரத்தம் உறைந்து நிற்கும். இங்கே ஓட்டம் மிக வேகமானது. உறையும்வரை உடல் காத்திருக்க முடியாது. காப்பாற்றுவது கருப்பையின் தசை. அந்தத் தசை நார்கள் ரத்தக்குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளை வெளியே வந்ததும் நார்கள் இறுகுகின்றன. இறுகும்போது குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. மகப்பேறு மருத்துவத்தில் இதற்கு 'உயிருள்ள கட்டு' என்று பெயர். பிரசவம் ஆனதும் செவிலியர் அடிவயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்ப்பது, கருப்பை கல்லாக இறுகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

இறுகாவிட்டால் அது கருப்பைத் தளர்ச்சி. வலி வெகுநேரம் நீடித்த பிரசவம், இரட்டைக் குழந்தை, பெரிய குழந்தை, நாலைந்து பிள்ளை பெற்ற வயிறு, இவர்களுக்கெல்லாம் ஆபத்து கூடுதல். ஆனால் ஆபத்து எதுவும் இல்லை என்று எழுதி வைத்த பெண்ணுக்கும் இது வரும். மகப்பேற்றுக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பத்துக்கு ஏழு தளர்ச்சியால் வருவது. கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகும்.

பேசிக்கொண்டிருந்த புதிருக்கு இப்போது வரலாம். கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடல் ஒரு லிட்டருக்கும் அதிகமாகக் கூடுதல் ரத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. பிரசவத்தில் கொஞ்சம் போனாலும் தாங்கட்டும் என்ற ஏற்பாடு அது. இளம் வயது என்பதால் ரத்தக்குழாய்களும் சட்டென்று சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகின்றன. அதனால் ஒரு லிட்டர் போன பிறகும் ரத்த அழுத்தக் கருவி சரியான எண்ணையே காட்டலாம். அவள் பேசுவாள், சிரிப்பாள். தாங்கும் எல்லை முடிந்ததும் மளமளவென்று சரிவாள். முதலில் மாறுவது நாடிதான். நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை நெருங்கினாலே உள்ளே ஏதோ சரியில்லை என்று கொள்ளவேண்டும்.

உடல்தான் மறைக்கிறது, போகும் ரத்தத்தைக் கண்ணால் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் இந்த விஷயத்தின் மையம் இருக்கிறது. துணியிலும் பஞ்சிலும் ஊறியது எவ்வளவு, பனிக்குட நீரோடு கலந்தது எவ்வளவு, இடுப்புக்கு அடியில் தேங்கியது எவ்வளவு? அனுபவசாலிகளின் கண்ணுக்கும் இது பிடிபடாது.

இதைச் சோதித்துக் காட்டியது கர்நாடகத்தின் பெல்காம், இன்றைய பெலகாவி. அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியினர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, பிரசவித்த பெண்ணின் இடுப்புக்கு அடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை உருவாக்கினார்கள். ஷீட்டின் கீழ்முனை கூம்பு வடிவப் பையாகக் குறுகிக் கட்டிலிலிருந்து தொங்கும். பையின்மேல் மில்லிலிட்டர் கோடுகள் அச்சிட்டிருக்கும். பனிக்குட நீர் வடிந்து, பிள்ளை பிறந்தபின் அதை விரிப்பார்கள். வடியும் ரத்தம் பையில் சேரும். கண்மதிப்பையும் பையின் அளவையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், கண்ணால் போட்ட கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 600 மில்லிலிட்டர் போயிருக்கும்போது 400 என்று எழுதினால் அந்தப் பெண் 'நார்மல்'. 500ஐத் தாண்டினால்தானே அபாயம் என்று பாடம்.

பை எதற்காக வந்தது என்பதும் தெரிந்துகொள்ளவேண்டியது. பெல்காம் கிராமங்களில் 2002 முதல் 2005 வரை இன்னொரு கேள்விக்கு விடை தேடினார்கள். டாக்டர் இல்லாத இடத்தில், துணை செவிலியர் கையால் கொடுக்கக்கூடிய மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை ரத்தப்போக்கைத் தடுக்குமா? 1,620 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து, மறுபிரிவுக்கு அதேமாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. குலுக்கல் எதற்கு என்றால், நல்ல உடல்வாகு உள்ளவர்களை யாரும் தன் விருப்பப்படி ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடாது என்பதற்காக. ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. துல்லியமான அளவு இல்லாமல் இந்த வித்தியாசத்தை யாரும் நிரூபித்திருக்க முடியாது.

இந்த எளிய கருவியை உலகம் முழுதாக மதிக்க இன்னும் பதினேழு ஆண்டு ஆயிற்று. 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வைப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அரி குமாரசாமி தலைமையிலான குழு நடத்தியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்கள். ஒரு பாதி மருத்துவமனைகள் வழக்கப்படி நடந்தன. மறுபாதியில் அளவுப் பை கொடுத்தார்கள். கூடவே ஒரு நடைமுறையையும் மாற்றினார்கள். அதுவரை வழக்கம் என்னவென்றால், கருப்பையை நீவிவிட்டுப் பார்ப்பது, நிற்காவிட்டால் ஊசி, அதற்கும் நிற்காவிட்டால் அடுத்த மருந்து. ஒவ்வொன்றுக்கும் பலன் தெரியக் காத்திருந்த நிமிடங்கள் எல்லாம் ரத்தமாகப் போயின. புதிய முறையில் பையின் கோட்டை ரத்தம் தொட்டதும் கருப்பையை நீவுதல், ஆக்சிடோசின் ஊசி, டிரனெக்சாமிக் அமிலம், நரம்பு வழி திரவம், கிழிசல் உண்டா என்ற பரிசோதனை, எல்லாம் ஒரே மூச்சில்.

விளைவு பெரிது. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறப்பது, ரத்தப்போக்கால் சாவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் வழக்கமான மருத்துவமனைகளில் 4.3 சதவீதம்; புதிய முறையில் 1.6 சதவீதம். வழக்கமான இடங்களில் ரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்களில் பாதிப்பேரைத்தான் ஊழியர்கள் கண்டுபிடித்தார்கள். பை இருந்த இடங்களில் நூற்றுக்கு 93 பேரை. மருந்துகளில் ஒன்றுகூடப் புதிதல்ல. ஆக்சிடோசினை ஆய்வகத்தில் செய்துகாட்டியதற்காக வின்சென்ட் டு விக்னோ நோபல் பரிசு வாங்கியது 1955இல். டிரனெக்சாமிக் அமிலத்தை ஜப்பானில் உதாகோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்தது 1960களின் தொடக்கத்தில். மருந்து அலமாரியில் இருந்தது. எப்போது எடுக்கவேண்டும் என்று சொல்ல ஆளில்லை. 2025 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் எல்லையையே கீழிறக்கிவிட்டது: 300 மில்லிலிட்டர் போய், நாடியோ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் 500 வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கவேண்டும்.

அந்த அலமாரியும் முக்கியம். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டிய மருந்து. தயாரித்த இடத்திலிருந்து ஊசி போடும் அறைவரை அந்தக் குளிர் அறுபடாமல் வரவேண்டும். குளிர்ச்சங்கிலி என்பது இதைத்தான். கத்திரி வெயிலில் மின்சாரம் போய், மருந்து மேசைமேல் கிடந்தால் குப்பியில் வீரியம் குறைந்துவிடும். வெப்பம் தாங்கும் கார்பெடோசின் அதே அளவுக்கு ரத்தப்போக்கைத் தடுக்கிறது என்று 2018இல் பத்து நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. இந்தியாவும் அதில் உண்டு.

சரி, எல்லாம் செய்தும் ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் என்றால் நெடுஞ்சாலை. ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குச் சிங்கப்பெருமாள்கோயில் வழி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். கண்டெய்னர் லாரிகள் திரும்ப இடமில்லாமல் மறிக்கும். மகப்பேறு மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போனபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். தமிழ்நாட்டில் 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் இரண்டாவதைப் பெருமளவு குறைத்தது. வழியில் உயிரைப் பிடித்துவைக்க ஓர் உடுப்பும் உண்டு. கணுக்காலிலிருந்து வயிறுவரை வெல்க்ரோ பட்டைகளால் இறுக்கிக் கட்டும் அதிர்ச்சி தடுப்பு உடை அது. கால்களிலும் இடுப்பிலும் உள்ள ரத்தத்தை மேலே தள்ளி மூளையையும் இதயத்தையும் காக்கும். அறுவை அரங்குக்குப் போகும்வரை நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நேரம்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு தாய் இறந்தபின் என்ன செய்வது? தமிழ்நாடு உலகுக்குக் காட்டிய பாடம் இங்கே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒரகடத்தில் கார் கம்பெனிக்கோ உதிரிபாகக் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்களிடம் 'ஒய்-ஒய் அனாலிசிஸ்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். லைனில் ஒரு பிரேக் பாகம் பழுதாக வந்தால், ஏன் என்று கேட்பார்கள். போல்ட் சரியாக முடுக்கவில்லை. ஏன்? டூலின் அளவு மாறியிருந்தது. ஏன்? அதைச் சரிபார்க்கவேண்டிய நாள் தவறிப்போயிற்று. ஏன்? சரிபார்ப்பவர் மாறிய ஷிஃப்டில் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஐந்து முறை கேட்டபின் வருவதுதான் காரணம். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று முதல் கேள்வியிலேயே முடித்தால் நாளைக்கும் அதே பழுது வரும். தாய் இறப்பு ஆய்வும் அச்சாக இதுவே. ஏன் இறந்தாள்? ரத்தப்போக்கு. ஏன் நிறுத்த முடியவில்லை? ஏற்ற ரத்தம் வரத் தாமதம். ஏன் இவளுக்கு அரை லிட்டர் இழப்பே தாங்கவில்லை? ஹீமோகுளோபின் 7தான். அது தெரிந்தும் ஏன் ரத்த வங்கி இல்லாத இடத்தில் பிரசவம்? ரத்தப் பரிசோதனை முடிவு எழுதிய அட்டை சொந்த ஊரில் இருந்தது. ஏன்? வாடகைக்கு வந்த ஊரில் அவளை யாரும் பதிவு செய்யவில்லை.

1994இலிருந்து தமிழ்நாடு தாய் இறப்புகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யத் தொடங்கியது. மருத்துவமனைப் பதிவேடுகளோடு நிற்காமல், வீட்டுக்கே போய்க் குடும்பத்தாரைக் கேட்டு, வலி வந்த நேரம், வண்டி கிடைத்த நேரம், திருப்பி அனுப்பிய இடம் எல்லாவற்றையும் எழுதினார்கள். இதை வாய்மொழி இறப்பாய்வு என்பார்கள். மாவட்ட ஆட்சியர் முன் நடக்கும் கூட்டங்களில் இறந்தவரின் உறவினர்களும் வந்து நடந்ததைச் சொன்னார்கள். முதல் சில ஆண்டுகளில் இறப்பு எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. சாவு கூடியதால் அல்ல. மறைந்து கிடந்த சாவுகள் ஏட்டுக்கு வந்ததால். எண்ணிக்கை கூடினால் அதிகாரிகளுக்குத் தலைகுனிவு என்று எந்த அரசாவது நினைத்திருந்தால் இந்த முயற்சி அங்கேயே செத்திருக்கும்.

அந்த ஆய்வுகள் சொன்னதைக் கேட்டு வந்தவை பல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்களை ஷிஃப்ட் முறையில் வைத்து இரவிலும் பிரசவம் பார்ப்பது, 'சீமாங்' என்று எல்லாரும் சொல்லும் அவசரகால மகப்பேறு மையங்களில் இருபத்து நாலு மணி நேரமும் அறுவையும் ரத்தமும் கிடைக்கச் செய்வது, பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரைத் துணைக்கு விடுவது எல்லாம் அப்படி வந்தவை. 2001-03இல் தமிழ்நாட்டில் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள்; 2018-20இல் 54. அதே காலத்தில் இந்தியா 301லிருந்து 97க்கு இறங்கியது. மூன்று மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இத்தகைய இறப்புகள் அபூர்வம். ஓராண்டுக் கணக்கை மட்டும் எடுத்தால் நாலைந்து இறப்பு கூடினாலோ குறைந்தாலோ விகிதம் தாறுமாறாக ஆடும்.

நாடு பணக்காரமானால் இதெல்லாம் தானே சரியாகும் என்பவர்களுக்கு இலங்கை பதில். 1950களின் தொடக்கத்தில் அங்கே லட்சத்துக்கு 500க்கு மேல் இருந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாதர்களை ஊர் ஊராக நிறுத்தி, கட்டணமில்லா மருத்துவமனைகளைக் கட்டி, இறப்புகளை ஆராய்ந்து, 1990களிலேயே 100க்கு வெகு கீழே கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது அது பணக்கார நாடு அல்ல.

குழந்தையின் கதை தாயின் கதையிலிருந்து பிரியாதது. பிறந்த 28 நாளுக்குள் இறக்கும் பிள்ளைகள் 2020 கணக்கின்படி ஆயிரத்துக்கு இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித்தொற்று ஆகியவையே முக்கியக் காரணங்கள். பிறந்து அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று ஊதத் தெரிந்த செவிலியர் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மீளும். மூச்சுத் திணறிய குழந்தையின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை மேல்நாடுகளில் பலன் தந்தது. இங்கும் தரும் என்றே பலரும் நம்பினார்கள். சென்னை உள்ளிட்ட ஊர்களின் ஏழு மருத்துவமனைகளில், இந்தியா, இலங்கை, வங்கதேசம் என மூன்று நாடுகளில் 408 குழந்தைகளிடம் ஹெலிக்ஸ் ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம். ஓரிடத்தில் உயிர் காத்தது இன்னோரிடத்தில் உயிர் எடுக்கலாம். சோதித்துப் பார்க்காமல் இறக்குமதி செய்யக்கூடாது என்று இதைவிட அழுத்தமாக எந்த ஆய்வும் சொன்னதில்லை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்போ கொலம்பியாவில், இன்குபேட்டர் போதாத ஒரு பொகோட்டா மருத்துவமனையில் 1970களின் இறுதியில் பிறந்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைந்தது. இதற்குச் செலவு, தாய்க்கும் சேயின் பக்கத்திலேயே ஒரு கட்டில்.

ஒரு கவலையையும் சொல்லியாக வேண்டும். அதே 2019-21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64. தேவைக்குச் செய்யும் சிசேரியன் உயிர் காக்கும். தேவையில்லாமல் செய்தால் ரத்த இழப்பு கூடும். அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பில் நஞ்சுக்கொடி வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் சேரும். மேலே சொன்ன அளவுப் பையின் வெற்றி சுகப்பிரசவத்துக்கானது. அறுவை மேசையில் போகும் ரத்தத்தை அளப்பது இன்னும் கடினம். மாநிலத்தின் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, 48 சதவீதத்துக்கு, ரத்தசோகை இருக்கும் நிலையில் இது சிறிய விஷயம் அல்ல.

ஒரகடத்திலும் வல்லத்திலும் லைன் வீடுகளில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கணவன் ஷிஃப்டுக்குப் போனபின் மொழி தெரியாமல் தனியாக இருக்கும் கர்ப்பிணி உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் அவரை அழைத்துப் போய்ப் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கான ஆர்.சி.எச். எண் வாங்கிக்கொடுங்கள்; எந்த மாநிலத்தவரும் பதிவு செய்துகொள்ளலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டும் அட்டையும் அவர் கையிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் பிரசவம் என்றால், ரத்த வங்கி எங்கே இருக்கிறது, இரவில் மயக்க மருந்து டாக்டர் உண்டா, பிரசவத்துக்குப் பின் ரத்தத்தை எப்படி அளக்கிறார்கள் என்று ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளை பிறந்தபின் முதல் இரண்டு மணி நேரம் தாயின் பக்கத்தை விட்டு நகராதீர்கள். நாப்கின் திரும்பத் திரும்ப நனைந்தாலோ, அவருக்குத் தலை சுற்றுகிறது, படபடப்பாக இருக்கிறது என்றாலோ தயங்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள்.